100 வாட் பல்பு 38 ஓம் காட்டினால் எது தப்பு?

கேட்டவர் நீளமாக எழுதியிருந்ததை முதலில் சுருக்கிவிடுகிறேன். புதிதாக ஒரு மல்டிமீட்டர் வாங்கியிருக்கிறார். வீட்டில் மிச்சமிருந்த 100 வாட் குண்டு பல்பை ஓம் ரேஞ்சில் வைத்துப் பார்த்தால் 38 ஓம். வோல்டேஜின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் வாட் வரும் என்று பள்ளியில் படித்த ஞாபகத்தில் 230 × 230 ÷ 38 போட்டிருக்கிறார். 1,392 வாட் வந்திருக்கிறது. வெந்நீர் போடும் 1500 வாட் ஹீட்டர் ராடு 34.8 ஓம் காட்டியது. அதற்கு 1,520 வாட் என்று ஏறக்குறையச் சரியாக வந்தது. அப்புறம் தெரிந்த எலக்ட்ரீசியனிடம் கிளாம்ப் மீட்டர் (வயரை வெட்டாமல் தாடையால் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளப்பது) இரவல் வாங்கி, பழைய சோக் (இரும்பில் சுற்றிய காயில்) போட்ட டியூப் லைட்டை அளந்தால் 0.43 ஆம்பியர். 230-ஆல் பெருக்கினால் 99 வாட். டியூபில் அச்சடித்திருப்பதோ 40 வாட். "மீட்டர் பழுதா, சூத்திரம் தப்பா?" என்று கேட்கிறார். கூடவே இரண்டு துணைக் கேள்விகள்: ராடின் பிளக் ஏன் சூடாகிறது, ஃபிரிட்ஜ் எடுக்கும் கரண்டை மல்டிமீட்டரிலேயே அளக்கலாமா.

சூத்திரம் அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதுதான் தெரிய வேண்டும். நான் ஐடிஐ படித்து, வயரிங் வேலையிலும் மோட்டார் காயில் கட்டும் பட்டறையிலும் காலம் ஓட்டியவன். அந்த அளவில் சொல்கிறேன். எல்இடி டிரைவர் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் பக்கம் போனால் என் பேச்சு மேலோட்டமாகத்தான் இருக்கும்.

மீட்டரும் சரி, சூத்திரமும் சரி. வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் மின்தடை. வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கினால் வாட். இந்த இரண்டிலிருந்துதான் மற்ற இரண்டும் வருகின்றன: கரண்டின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கலாம், அல்லது வோல்டேஜின் வர்க்கத்தை மின்தடையால் வகுக்கலாம். ஆனால் நான்குக்கும் ஒரே நிபந்தனை உண்டு. கணக்கில் போடும் எண்கள் எல்லாம் அந்தப் பொருள் வேலை செய்துகொண்டிருக்கும்போது, ஒரே நேரத்தில் இருந்தவையாக இருக்க வேண்டும். பல்பில் அவர் செய்தது என்னவென்றால், 38 ஓமை அணைந்த பல்பிலிருந்தும் 230 வோல்ட்டை எரியும் பல்பிலிருந்தும் எடுத்துச் சேர்த்துவிட்டார். அப்படி ஒரு நிலை ஸ்விட்ச் போட்ட அந்த ஒரு கணத்தில் மட்டும்தான் இருக்கிறது.

பல்பு இழை டங்ஸ்டன். உலோகம் சூடானால் மின்தடை ஏறும். அறைச் சூட்டை ஒட்டிய அளவில் டங்ஸ்டனுக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.45 சதவீதம். எரியும் இழையின் சூடு 2,500 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். ஓம் ரேஞ்சில் மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். அதில் இழை துளியும் சூடாகாது. அதனால் 38 ஓம் என்பது குளிர்ந்த இழையின் உண்மையான மின்தடைதான். எரியும்போது உள்ள மின்தடை வேண்டுமென்றால் பின்னாலிருந்து போக வேண்டும். 100 வாட்டை 230-ஆல் வகுத்தால் 0.435 ஆம்பியர், 230-ஐ அதனால் வகுத்தால் 529 ஓம். 38-க்கும் 529-க்கும் ஏறக்குறைய 14 மடங்கு. இந்த 14 மடங்கு டங்ஸ்டன் பல்புக்குப் பொருத்தமான எண்தான். பல்புக்குப் பல்பு 12, 15 என்று கொஞ்சம் மாறும்.

அவர் கணக்கில் வந்த 1,392 வாட்டும் வெறும் பொய் எண் அல்ல. ஸ்விட்ச் போட்டவுடன், இழை இன்னும் குளிர்ந்திருக்கும்போது, பல்பு 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. 230 என்பது ஏசியின் ஆர்எம்எஸ் அளவு, அதாவது அதே சூட்டைத் தரும் டிசி வோல்டேஜுக்குச் சமமான ஒரு வகைச் சராசரி. அலையின் உச்சி 325 வோல்ட். அந்த உச்சியில் ஸ்விட்ச் விழுந்தால் 8 ஆம்பியர் தாண்டும். கண் இமைக்கும் நேரத்துக்குள் இழை சூடேறி 0.43-க்கு வந்துவிடும். குண்டு பல்புகள் பெரும்பாலும் எரிந்துகொண்டிருக்கும்போது போகாமல், ஸ்விட்ச் போடும்போது 'டிக்' என்று போவதற்கு இதுதான் காரணம்.

கேயார்க் சைமன் ஓம் 1827-ல் தன் விதியைப் புத்தகமாக வெளியிட்டார். அவர் அதற்கு முந்தைய வருடம் செய்த சோதனைகளைப் படித்தால் இந்தச் சூட்டு விஷயம் இன்னும் புரியும். அந்தக் கால பேட்டரிகள் ஒரே அளவில் கரண்ட் தராமல் அவரைப் படுத்தின. அதனால் பிஸ்மத்தும் செம்பும் சேர்த்த வெப்ப இணைக்கு (இரு முனைகளின் சூட்டு வித்தியாசத்தால் கரண்ட் தரும் ஜோடி) மாறினார். ஒரு முனை கொதிக்கும் தண்ணீரில், இன்னொன்று பனிக்கட்டியில். மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால்தான் கம்பியின் குணம் தெரியும். வோல்டேஜைக் கரண்டால் வகுப்பது எந்தப் பொருளிலும் ஒரு எண் தரும். வோல்டேஜை மாற்றினாலும் அந்த எண் மாறாது என்பதுதான் ஓம் விதி. எரியும் பல்பில் வோல்டேஜை மாற்றினால் சூடும் மாறிவிடுகிறது, சூட்டோடு மின்தடையும் மாறிவிடுகிறது. அதனால் அங்கே விதி நிற்பதில்லை, வகுத்தல் மட்டும்தான் நிற்கிறது.

காயில் பட்டறையில் இதையே வேலைக்குப் பயன்படுத்துவோம். மோட்டாரின் உள்ளே காயில் எவ்வளவு சூடாகிறது என்று தெர்மாமீட்டர் விட்டுப் பார்க்க வழியில்லை. ஓட்டுவதற்கு முன் ஒரு முறை, ஓட்டி நிறுத்தியவுடன் ஒரு முறை மின்தடையை அளப்போம். செம்புக்கு ஒரு நிலையான எண் உண்டு, 234.5. குளிர்ந்த காயில் 30 டிகிரியில் 4 ஓம், நிறுத்தியவுடன் 5 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30-ஐயும் 234.5-ஐயும் கூட்டினால் 264.5. மின்தடை 1.25 மடங்கு ஆகியிருப்பதால் அதை 1.25-ஆல் பெருக்கினால் 330.6. அதில் 234.5-ஐக் கழித்தால் 96 டிகிரி. அதுதான் காயிலின் சராசரிச் சூடு. சில ஓம்களில் இந்த வேலைக்குச் சாதாரண மல்டிமீட்டரின் துல்லியம் போதாது என்பது வேறு விஷயம். புரோபுகளை (மீட்டரின் அளக்கும் முனைகளை) ஒன்றோடொன்று தொட்டாலே அது 0.2, 0.3 ஓம் காட்டும்.

ஹீட்டர் ராடு மட்டும் ஏன் ஒழுங்காக வந்தது? உள்ளே இருப்பது நிக்ரோம் கம்பி. நிக்கலும் குரோமியமும் கலந்த அந்த உலோகக் கலவையின் மின்தடை சூட்டுக்கு அதிகம் அசைவதில்லை. நன்றாகச் சூடான பிறகும் சில சதவீதம்தான் ஏறும். 34.8 ஓம் சூட்டில் 35.3 ஆனால் கணக்கு 1,500 வாட்டுக்கு வந்துவிடுகிறது. அயர்ன் பாக்ஸ், கீசர், காயில் அடுப்பு எல்லாம் இந்த இனம். இந்த இனத்துக்கு நான்கு சூத்திரங்களையும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

அப்படிப் போட்டால் ஒரு பயனுள்ள விஷயம் கிடைக்கும். ராடில் எழுதியிருக்கும் 1500 வாட் 230 வோல்ட்டுக்குத்தான். மாலையில் ஊரே ஸ்விட்ச் போடும் நேரத்தில் 200 வோல்ட்தான் வருகிறது என்றால், 200 × 200 ÷ 35.3, அதாவது சுமார் 1,133 வாட். வோல்டேஜ் குறைந்தது 13 சதவீதம், சூடு குறைந்தது 24 சதவீதம். 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற, வீண்போகும் சூட்டை விட்டுவிட்டால், 1500 வாட்டில் பதினெட்டரை நிமிடம். 1,133 வாட்டில் இருபத்தைந்து நிமிடத்தைத் தொடும். யூனிட் இரண்டிலும் ஏறக்குறைய 0.46-தான். "லோ வோல்டேஜில் ஹீட்டர் போட்டால் கரண்ட் பில் ஏறும்" என்று சொல்பவர்கள் நேரம் கூடுவதை மட்டும் பார்க்கிறார்கள், வாட் குறைவதைப் பார்ப்பதில்லை.

டியூப் லைட்டுக்கு வருவோம். இந்தக் கேள்வியில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. கவனித்தீர்களா, 100 வாட் பல்பும் 0.43 ஆம்பியர், டியூப் லைட்டும் 0.43 ஆம்பியர். வோல்டேஜும் ஒன்று, கரண்டும் ஒன்று. ஆனால் ஒன்று 100 வாட் தின்கிறது, இன்னொன்று அதில் பாதியை ஒட்டித்தான் தின்கிறது. அப்படியானால் வோல்டேஜும் கரண்டும் மட்டும் தெரிந்தால் வாட்டைச் சொல்ல முடியாத இடமும் இருக்கிறது.

ஒவ்வொரு கணத்திலும் வோல்டேஜைக் கரண்டால் பெருக்கினால் அந்தக் கணத்தின் வாட் வரும். இதில் சந்தேகமே இல்லை. ஏசியில் இரண்டும் வினாடிக்கு 50 முறை ஏறி இறங்குகின்றன. பல்பிலும் ராடிலும் இரண்டும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கும். அதனால் மீட்டர் காட்டும் இரண்டு எண்களைப் பெருக்கினால் போதும். சோக்கில் கரண்ட் பின்தங்குகிறது. வோல்டேஜ் திசை மாறிய பிறகும் கரண்ட் கொஞ்ச நேரம் பழைய திசையிலேயே ஓடும். அந்த நேரத்தில் பெருக்கல் மைனஸில் வரும். சோக் தன் காந்தப்புலத்தில் வைத்திருந்ததை லைனுக்கே திருப்பிக் கொடுக்கிறது என்று அர்த்தம். பக்கத்து வீட்டில் வாங்கிய சர்க்கரையை அப்படியே திருப்பிக் கொடுப்பது போலத்தான்: சர்க்கரை செலவாகவில்லை, ஆனால் போக வர நடந்த நடை நடந்ததுதான். அந்த நடை வயரில் சூடாகப் போகும்.

அதனால் 99 என்பதை வாட் என்று சொல்லக் கூடாது, வோல்ட்-ஆம்பியர், சுருக்கமாக விஏ என்று சொல்ல வேண்டும். டியூபின் 40 வாட்டோடு சோக்கில் சூடாகப் போகும் பத்துப் பன்னிரண்டு வாட்டைச் சேர்த்தால் 50-ஐத் தாண்டி வரும். 52 என்று வைத்தால் 52-ஐ 99-ஆல் வகுத்து 0.53, இதுதான் பவர் ஃபேக்டர். டியூபின் 40 எனக்கு உறுதி. சோக்கின் பங்கு சோக்குக்குச் சோக்கு மாறும், வீட்டில் இருப்பதை அளக்காமல் சொல்ல முடியாது.

அளக்க வாட் மீட்டர் வேண்டியதில்லை. மின்வாரியம் மாட்டியிருக்கும் டிஜிட்டல் மீட்டரே போதும். அதில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சடித்திருக்கும். 3200 என்று இருந்தால், வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டியூப் லைட்டை மட்டும் போட்டுப் பத்து நிமிடம் எண்ணுங்கள். எண்ணியதை 1.875-ஆல் பெருக்கினால் வாட். 28 சிமிட்டல் வந்தால் 52.5 வாட். 100 வாட் பல்பை மட்டும் போட்டால் 53 வர வேண்டும். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், வைஃபை பெட்டி எல்லாவற்றையும் நிஜமாகவே அணைத்திருக்க வேண்டும், ஏனென்றால் இன்வெர்ட்டர் சத்தமில்லாமல் பேட்டரியைச் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்.

வீட்டு மீட்டர் வாட்டைத்தான் கணக்கு வைக்கிறது, விஏ-வை அல்ல. ஆகவே பவர் ஃபேக்டர் குறைவு என்பதற்காக உங்கள் வீட்டு பில் இரட்டிப்பாகாது. "இந்தப் பெட்டியை பிளக்கில் மாட்டினால் பில் பாதியாகும்" என்று விற்கிறார்களே, அதற்கு நூறு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆனால் இன்வெர்ட்டர் வாங்கும்போது விஏ-தான் பேசும். அதன் மேல் 850 விஏ என்று எழுதியிருந்தால் 850 வாட் ஓட்டலாம் என்று பொருளல்ல. விலை மலிவான எல்இடி பல்புகளிலும் இதே கதை: 9 வாட் என்று போட்டிருக்கும், கரண்டை அளந்து பெருக்கினால் அதைவிட நிறைய வரும். அங்கே கரண்ட் அலை கூர்கூராக வருவதால், 'ட்ரூ ஆர்எம்எஸ்' என்று எழுதாத சாதா மீட்டர் தப்பாகவும் காட்டும்.

மோட்டார் என்றால் இன்னொரு சிக்கல் சேரும். ஒரு ஹெச்பி பம்ப் மோட்டாரின் ரன்னிங் காயில் சில ஓம்கள்தான். 4 ஓம் என்று வைத்து 230-ஐ வகுத்தால் 57 ஆம்பியர். ஓடும்போது எடுப்பதோ ஆறேழு ஆம்பியர். காயிலுக்குச் சோக் போன்ற குணம் இருப்பது ஒரு பாதி. சுற்றும் ரோட்டாரே எதிர் வோல்டேஜ் உண்டாக்கித் தடுப்பது மறு பாதி. ரோட்டார் சிக்கிக்கொண்டு நின்றால் அந்தத் தடுப்பு போய், கரண்ட் நாலைந்து மடங்கு ஏறும். கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகும் வாசனை வரும். லோ வோல்டேஜிலும் ஹீட்டருக்கு நேர் எதிர். இழுக்க வேண்டிய தண்ணீர் குறையாததால், பம்ப் கூடுதல் கரண்ட் எடுத்துச் சமாளிக்கப் பார்க்கும். கரண்ட் 1.3 மடங்கானால் காயிலின் சூடு 1.7 மடங்கு. கோடையில் எங்கள் பட்டறைக்கு வந்த மோட்டார்களில் நிறைய இப்படி வந்தவைதான்.

அடுத்து பிளக். இங்கே அவர் ஒரு நல்ல குழப்பத்தைச் சொல்லியிருந்தார்: ஒரு சூத்திரத்தில் மின்தடை கூடினால் வாட் கூடுகிறது, இன்னொன்றில் குறைகிறது, எதை நம்புவது? எது மாறாமல் இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். ராடுக்குக் கிடைக்கும் வோல்டேஜ் ஏறக்குறைய நிலையானது. அதனால் மின்தடை குறைந்தால்தான் அதற்கு வாட் கூடும். பிளக்கின் பின் சாக்கெட்டைத் தொடும் இடம் ராடோடு வரிசையில் இருக்கிறது. அங்கே ஓடும் கரண்டை ராடு தீர்மானித்துவிட்டது, ஆறரை ஆம்பியர். அந்தக் கரண்டில், தொடும் இடத்தின் மின்தடை கூடக் கூடச் சூடும் கூடும். இந்தக் கரண்டின் வர்க்கக் கணக்கை ஜேம்ஸ் ஜூல் 1841-லேயே எழுதி வைத்துவிட்டார். லூஸான சாக்கெட்டில் அரை ஓம் இருப்பதாக வைத்தால் 6.5 × 6.5 × 0.5, சுமார் 21 வாட். கேட்க ஒன்றுமில்லாத எண்தான். ஆனால் ஒரு சாலிடரிங் அயர்ன் 25 வாட்.

20 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் போக வர 40 மீட்டருக்குச் சுமார் 0.72 ஓம், அதில் 30 வாட் போகிறது. பிளக்கைவிட அதிகம், ஆனால் 20 மீட்டருக்குப் பரவிவிடுவதால் கை வைத்தால் இளம் சூடுதான். அதே வயரைச் சுருட்டி வைத்துவிட்டு ஓட்டினால் 30 வாட்டும் ஒரே சுருளுக்குள் அடைபடும், அதைச் செய்யாதீர்கள். உங்கள் பிளக்கில் அரை ஓம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அது கணக்குக்கு எடுத்த எண். மல்டிமீட்டரால் அதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம், புரோபின் மின்தடையிலேயே தொலைந்துவிடும். பின் கறுத்திருந்தாலோ சாக்கெட் ஓரம் பழுப்பேறியிருந்தாலோ சாக்கெட்டை மாற்றுங்கள். ஆறரை ஆம்பியர் எடுக்கும் ராடை 6 ஆம்பியர் சின்ன பாயிண்ட்டில் மாட்டியிருந்தால், சாக்கெட் புதிதாக இருந்தாலும் அது தப்பு. 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் அது இருக்க வேண்டும்.

கடைசியாக ஃபிரிட்ஜ். மல்டிமீட்டரின் ஆம்பியர் ரேஞ்சில் செய்யாதீர்கள். கரண்ட் அளக்கும்போது மீட்டர் வரிசையில் சேர வேண்டும், அதற்கு ஃபிரிட்ஜின் வயரை வெட்ட வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, அளந்து முடித்த பிறகு சிவப்பு புரோபை 10 ஆம்பியர் ஓட்டையிலேயே விட்டுவிட்டு, வோல்டேஜ் பார்க்கலாம் என்று பிளக் பாயிண்ட்டில் நுழைப்பது. அந்த ஓட்டையில் மீட்டருக்கு ஏறக்குறைய மின்தடையே கிடையாது, நேரான ஷார்ட் சர்க்யூட். மலிவு மீட்டர்களில் அந்த ஓட்டைக்கு ஃபியூஸ்கூட இருக்காது. ஓம் ரேஞ்சையும் கரண்ட் ஓடும் இடத்தில் வைக்கக் கூடாது.

இரவல் வாங்கிய கிளாம்ப் மீட்டரே போதும். அதன் வாய்க்குள் ஒற்றை வயர் மட்டும் போக வேண்டும். இரண்டும் சேர்ந்து போனால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும். அதற்காக ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் தனித்தனி வயராக இழுத்து வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றின் இன்சுலேஷனும் முழுசாக இருக்க வேண்டும். கரண்ட் குறைவாக இருந்தால் ஃபேஸ் வயரைக் கிளாம்பின் தாடையில் பத்துச் சுற்றுச் சுற்றி, வரும் எண்ணைப் பத்தால் வகுங்கள்; 0.43 ஆம்பியர் 4.3 என்று தெளிவாகத் தெரியும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் எண் பல மடங்கு துள்ளும், அதை எழுதாதீர்கள். ஓட்டம் நிதானமான பிறகு வருவதை எழுதுங்கள். அதையும் 230-ஆல் பெருக்கினால் வருவது விஏ-தான். ஃபிரிட்ஜ் அடிக்கடி நின்று ஓடும் என்பதால், ஒரு நாள் செலவு வேண்டுமென்றால் பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே மாட்டுகிற சின்ன எனர்ஜி மீட்டர் ஒன்றை வாங்கி 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். வாட், பவர் ஃபேக்டர், யூனிட் மூன்றையும் அதுவே காட்டும்.